லேபல் ஒட்டிய கை

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். நான் பள்ளிக்கூடத்தில் சாதாரண தரம் வரை மட்டும் படித்தவள். கூட்டுறவுக் கடைக்குச் சாமான் பட்டியல் எழுதியதைத் தவிர வேறொன்றும் எழுதியதில்லை. நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கவும் மாட்டேன். (கோயிலில் அர்ச்சனைக்கு நட்சத்திரம் கேட்டால்கூட என் கணவரைத்தான் பார்ப்பேன்.) அப்படிப்பட்ட நான் ஒருநாள் மண்டபம் நிறைந்த படித்தவர்கள் முன்னால் பேசினேன். நிறுத்தச் சொல்லியும் பேசினேன்.

என் அண்ணையின் மகள் துவாரகா பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புப் படிக்கிறாள். கரவெட்டியில் எங்கள் பகுதிக் கிணறுகளில் தோட்டத்துக்குப் போடுகிற பசளை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பது அவளுடைய ஆய்வு. இருபது கிணறுகளில் போத்தல் போத்தலாகத் தண்ணீர் எடுத்தாள். எந்தக் கிணறு யாருடையது என்று வெளியே வராது என வீடு வீடாக வாக்குக் கொடுத்துத்தான் எடுத்தாள். போத்தலில் பெயர் இருக்காது, இலக்கம் மட்டும். அந்த இலக்க லேபல்களை வெட்டி ஒட்டியது நான். இரண்டு கிழமையாக எங்கள் பிரிட்ஜில் கத்தரிக்காய்க்கு இடமில்லை.

பிறகு அவளுடைய வகுப்பு மாணவர்களுக்கு ஒரு பயிற்சி வந்தது. ஆராய்ச்சியைச் சாதாரண சனத்துக்கு விளங்கப்படுத்தப் பழக்குகிற பயிற்சி. ஒவ்வொரு மாணவரும் விஞ்ஞானம் படிக்காத ஒருவரைக் கூட்டிவந்து, அவருக்கு மூன்று நிமிடத்தில் தன் ஆய்வைச் சொல்ல வேண்டும். விளங்காவிட்டால் அவர் சிவப்பு மட்டையைத் தூக்க வேண்டும். முதலாவதாக வருபவர் வெளிநாட்டு மாநாடு ஒன்றில் பேசப் போகலாம். துவாரகா போன முறை கடைசியாக வந்தவள்.

"மாமி, நீங்கள் வந்து சும்மா இருந்தால் காணும்."

"எனக்குச் சபையிலை கதைக்கத் தெரியாதடி."

என் கணவர் சிரித்தார். "உவளையே கூட்டிக்கொண்டு போ பிள்ளை. உவளாலை ஒரு பிரச்சினையும் வராது."

கொழும்பிலிருந்து வந்த பயிற்றுநர் மிஸ் விதிகளைச் சொன்னார். கடைசி விதியை நான் கேட்கவில்லை. (தட்டில் ஒரு ரோல்ஸ் மிஞ்சியிருந்தது. எடுத்தால் என்ன நினைப்பார்களோ என்ற யோசனையில் இருந்தேன்.)

துவாரகா என் முன்னால் வந்து நின்றாள். "சுண்ணக்கல் நீர்ப்படுக்கையில் நைத்திரேற்றுச் செறிவின் பருவகால மாறுபாடு" என்று தொடங்கினாள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் இத்தனை பேர் முன்னால் அண்ணையின் பிள்ளைக்குச் சிவப்பு மட்டை தூக்குவது எப்படி? மட்டையைக் கதிரையில் வைத்து அதன்மேல் இருந்துவிட்டேன். எங்களிடம் யாராவது கதைத்தால் இடைக்கிடை "ஓம்... ஓம்" போடுவதுதான் மரியாதை. நானும் போட்டேன். அதில் தைரியம் வந்து அவள் இன்னும் பெரிய சொற்களுக்குப் போனாள்.

கடைசியில் திரையில் ஊரின் படம் வந்தது. நல்ல கிணறு பச்சைப் பொட்டு, கூடாத கிணறு சிவப்புப் பொட்டு, இடைப்பட்டது மஞ்சள். ஒவ்வொன்றின் கீழும் ஓர் இலக்கம். என் லேபல் இலக்கங்கள்!

மிஸ் என்னிடம் வந்தார். "அம்மா, ஒருக்காலும் மட்டை தூக்கேல்லை. எல்லாம் விளங்கிச்சுதோ?"

"ஓம்."

"அப்ப விளங்கினதை நீங்கள் திருப்பிச் சொல்லுங்கோ. அதுக்குத்தான் புள்ளி."

இதுதான் நான் கேட்காத கடைசி விதி. எழுந்தேன். சிவப்பு மட்டையும் சேலையில் ஒட்டிக்கொண்டு கூடவே எழுந்தது. துவாரகா என்னையே பார்த்தாள். நான் வாய் திறக்காவிட்டால் பிள்ளையின் பயணம் போச்சு. போத்தல் அடுக்கும்போது அவள் சொன்னவை நினைவுக்கு வந்தன.

"உந்தச் சிவப்பு ஏழு எங்கடை கிணறு. இவர் வெங்காயத்துக்கு யூரியா அள்ளிப் போடுறவர். அது மழையோடை கீழை இறங்கி, கல்லு வெடிப்புக்குள்ளாலை கிணத்துக்கு வந்திட்டுது. கைக்குழந்தையளுக்கு உந்தத் தண்ணி குடுக்கப்படாது."

மண்டபம் கைதட்டியது. மிஸ் சிரித்தபடி ஏதோ குறித்துக்கொண்டார். நான் அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் ஐம்பத்திரண்டு வயதில் முதல் கைதட்டு.

"ஒன்பது வாத்தியார் வீடு. அது மஞ்சள். பச்சைப் பொட்டு கோயில் கிணறு..."

"மாமி, காணும்! நிப்பாட்டுங்கோ!"

(பிள்ளை தன்னடக்கத்தில் சொல்கிறாள் என்று நினைத்தேன்.)

"பொறடி, இன்னும் கிடக்கு. பதினொண்டு பவளமக்கா வீடு. அதுவும் சிவப்பு."

"ஆரடி சொன்னது எங்கடை தண்ணி கூடாதெண்டு?" பின்வரிசையில் பவளமக்கா எழுந்து நின்றார். வேறொரு மாணவி கூட்டிவந்த ஆள் அவர். அவர் வந்திருந்தது எனக்குத் தெரியாது. "ஒழுங்கைச் சனம் முழுக்க எங்கடை கிணத்திலைதான் நல்ல தண்ணி அள்ளுது! உன்ரை மனுசன்ரை யூரியாதான் வேலிக்குக் கீழாலை வந்திருக்கும்!"

சொல்லிவிட்டுத் தன் சிவப்பு மட்டையை என்னை நோக்கித் தூக்கிப் பிடித்தார்.

மிஸ்ஸின் சிரிப்பு நின்றது. விளக்கத்துக்குத் துவாரகாவுக்கு முழுப் புள்ளி. ஆனால் தண்ணீர் தந்தவர்களின் அடையாளம் வெளியே வந்துவிட்டதால் அவளைத் தெரிவிலிருந்து எடுத்துவிட்டார்கள். மாநாட்டுக்கு வேறொருவர் போனார்.

பஸ் நெல்லியடிக்கு வந்தது. அப்போது துவாரகா கேட்டாள்: "மாமி, உவ்வளவு சுகமா விளங்கப்படுத்த ஆர் உங்களுக்குப் பழக்கினது?"

"நீதானடி. போத்தல் அடுக்கேக்கை சொன்னனியெல்லே."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பார்க்க எனக்குத் துணிவில்லை.

இன்றைக்கும் வீட்டில் யாராவது இரகசியம் கதைக்கத் தொடங்கினால் என் கணவர், "பாத்து, உவள் லேபல் ஒட்டிப்போடுவாள்" என்பார்.

அந்தப் பயிற்சிக்கு மறுநாள் காலை பவளமக்கா ஒரு போத்தலில் தண்ணீர் கொண்டு வந்து, திரும்ப ஒருக்காப் பார்க்கச் சொன்னார். துவாரகா வாங்கி, லேபலைத் தானே ஒட்டினாள்.