ஒன்பதாம் இலக்கத்தின் நட்சத்திரம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு வருடமாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் மருத்துவ ஆராய்ச்சியில் கைவைத்த கதை இது. (பிள்ளையார் மன்னித்துவிட்டார். மகளைப் பற்றி இன்னும் சரியாகத் தெரியவில்லை.)

மகள் கண்டியில் டாக்டர். ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டங்களில் சீனி வருத்தத்தோடு (நீரிழிவோடு) வாழும் பெண்களின் பேச்சைப் பதிந்து வந்து ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தாள். பதிவில் பெயர் கிடையாது, இலக்கம் மட்டும். கேட்டு எழுதும் வேலை எனக்கு.

"கேக்காத எடத்துல கேக்கலைன்னு போடுங்கப்பா. நீங்களா ஒண்ணும் சேக்காதீங்க."

ஒன்பதாம் இலக்கம் பேசும்போது தகரக் கூரையில் நல்ல மழை. தாளில் பாதிக்கு மேல் 'கேட்கவில்லை'. பிள்ளையின் கட்டுரை கெட்டுவிடுமோ என்று பயந்து, போனில் இருந்த ஏஐயிடம் தாளைக் காட்டி, "மிச்சத்த எழுதித் தாங்க சாமி" என்று கேட்டேன். (மரியாதையில் குறை வைக்கவில்லை.) உடனே வந்தது:

"பனி எறங்குனா மலை முழுக்கச் சீனி கொட்டுன மாதிரி இருக்கும். அதப் பாத்துக்கிட்டே வெறும் பிளேன்டீ குடிப்பேன்."

கண் கலங்கிவிட்டது. கம்பளையில் எங்கள் வீட்டுக்கு எதிரே மகாவலி ஆற்றின்மேல் பனி படர்ந்திருந்தது. அதற்குள் ஒருத்தி கூடையோடு நின்று, கோப்பையை ஊதி ஊதிக் குடிப்பதுபோல் தெரிந்தது. அவளுக்காக வேண்டிக்கொள்ள வேண்டாமா? ஏஐயிடமே பெயரும் நட்சத்திரமும் கேட்டேன். தயங்காமல் சொன்னது: செல்லம்மா, ரோகிணி. பனி வரியை அவள் பேச்சாகவே தாளில் எழுதி மகளிடம் கொடுத்தேன்.

அடுத்த வெள்ளி, கட்டுரையை அனுப்புமுன் பிள்ளையார் காலடியில் வைக்க மகளும் கோயிலுக்கு வந்தாள். ஐயர் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டார். மகளுடையதைச் சொல்லிவிட்டு, "செல்லம்மா, ரோகிணி" என்றேன்.

"யாருப்பா அது?"

"ஒன் ஒம்பதாம் நம்பரும்மா. பனியச் சீனின்னு சொன்னவ."

"அவங்க பேரு எனக்கே தெரியாதே. ஒங்களுக்கு எப்பிடி?"

சொன்னேன்.

"அந்த வரியத்தான் தலைப்பா போட்டிருக்கேன்! இல்லாத மனுசி பேசுனதா அனுப்பியிருந்தா, இனி நான் எழுதுறத எவன் நம்புவான்?"

ஐயர் கற்பூரத்தட்டோடு நின்றார். "நட்சத்திரம் இருக்கு, ஆள் இல்லங்கிறீங்களா? நான் யாருக்குங்க மந்திரம் சொல்றது?"

தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். மகள் எல்லாப் பதிவையும் முதலிலிருந்து கேட்டாள். தலைப்பு போனது. மழைக்கு அடியில் ஒன்பதாம் இலக்கம் சொன்னதில் ஒன்றுதான் தெளிவாகக் கேட்டது: "காலு மரத்துப் போச்சு டாக்டரம்மா." கட்டுரையில் அது மட்டும் இருக்கிறது. இப்போது அவருக்காகப் பெயரில்லாமலே வேண்டிக்கொள்கிறேன்.

இன்றும் நான் வாய் திறந்தால் வீட்டில், "நீங்க கேட்டதா, அது சொன்னதா?" என்கிறார்கள். கறியில் உப்பில்லை என்றாலும் இதே கேள்விதான்.

வாசிப்பவர்களே, இதை நாலு பேரிடம் சொல்லுங்கள், நடந்தபடியே சொல்லுங்கள். ஏதாவது மறந்துபோனால் மறந்துவிட்டது என்றே சொல்லுங்கள். அழகாக இருக்குமே என்று ஒரு சொல்லும் சேர்த்துவிடாதீர்கள்.