தேங்காய்ப்பூத் துண்டு மரியாதை

கடற்காற்று ஒரு வருஷத்தில் இரும்புக்குச் செய்வதை ஒரே கச்சேரியில் செய்து முடிக்கிற மனிதர் வில்லியனூர் வட்டாரத்தில் ஒருவர்தான். எங்கள் ஆர்க்கெஸ்ட்ராவின் கிடார்காரர். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம். எங்களுக்கு அவர் உப்புக்கை.

அப்படி ஒரு வேர்வை. வெள்ளிக்கிழமை பளபளவென்று மாட்டிய தந்தி, ஞாயிற்றுக்கிழமை கிணற்றில் கிடந்து எடுத்த கம்பி மாதிரி இருக்கும். கீபோர்டு வாசிக்கும் நான், என் ஸ்டாண்டைப் பிடிக்கச் சொல்லி அவரிடம் கொடுத்ததே இல்லை. ஆனால் அந்தக் கை தந்தியில் இறங்கிவிட்டால், கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பியவர்கள்கூட பஸ்ஸை விட்டுவிட்டு நிற்பார்கள். அதையும் சொல்லிவிட வேண்டும்.

போன வருஷம் அவருடைய விரல் நுனிகள் சிவந்து, தோல் உரிந்து, அரிப்பெடுத்தன. மேடையிலேயே கிடார் விளிம்பில் தேய்த்துக்கொள்வார். ஜனங்கள் அதை ஸ்டைல் என்று நினைத்து விசிலடித்தார்கள். நான்தான் அவரை டவுனுக்கு இழுத்துப்போய்த் தோல் டாக்டரிடம் காட்டினேன்.

“தந்தியில இருக்குற நிக்கல் உங்க வேர்வையில கரையுது. அது உங்க தோலுக்கு ஒத்துக்கல. கிடாரைத் தொடாம இருங்க” என்றார் டாக்டர்.

“சோத்த வேணா தொடாம இருக்கேன் சார்.”

டாக்டர் சிரித்துவிட்டார். களிம்பு எழுதிக்கொடுத்து, புண் ஆறியதும் நிக்கல் இல்லாத தந்தி மாட்டச் சொன்னார். பாட்டுக்குப் பாட்டு கையையும் தந்தியையும் பருத்தித் துணியால் உலரத் துடைக்க வேண்டும் என்றார். உப்புக்கை அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார்.

வினை வந்தது பண்டசோழநல்லூர்த் திருவிழாவில். ஒரு பாட்டு முடிந்ததும் ஊர்ப் பெரியவர் மேடையேறி அவருக்குப் பொன்னாடை போர்த்தினார். துடைக்கிற துண்டை வேனிலேயே விட்டுவந்த நம் ஆள், போர்த்திய பொன்னாடையை உருவி, பெரியவர் கண்ணெதிரிலேயே தந்தியைப் பரபரவென்று துடைத்தார். அதோடு விட்டாரா? மைக்கிலேயே சொன்னார்:

“வழவழன்னு இருக்கு, வேர்வையே இழுக்க மாட்டேங்குது. அடுத்த வருசம் பருத்தித் துண்டா போடுங்கண்ணே!”

பெரியவர் முகம் சுண்டிப்போய்விட்டது. திரும்பும்போது வேனில் எங்கள் முதலாளி கத்தினார்.

“மரியாத பண்ண வந்தா இன்னாய்யா வேல இது? அடுத்த வருசம் இந்த ஊரு கூப்புடலன்னா நீ வூட்டோட இரு. உன் கிடாரப் பென்டிரைவுல போட்டு ஓட்டிக்கிறேன்.”

உப்புக்கை ஜன்னல் பக்கம் திரும்பி விரல்களில் களிம்பு தடவிக்கொண்டார். விரல்கள் ஆறின, தந்தி மாறியது, வாசிப்பு இன்னும் இனித்தது. ஆனால் திருவிழா மாதம் நெருங்க நெருங்க, அந்த ஊர் கூப்பிட்டதா என்று நான்தான் முதலாளியிடம் தினமும் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் இல்லாத மேடையில் உட்கார எனக்குப் பிடிக்காது.

ஊர் கூப்பிட்டது. அதே மேடை, அதே பெரியவர், கையில் தட்டு. உப்புக்கை இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, தப்பு செய்த பிள்ளையைப் போல நின்றார். தட்டில் பொன்னாடை இல்லை. வெள்ளை வெளேரென்று ஒரு தேங்காய்ப்பூத் துண்டு.

“சுத்தப் பருத்திப்பா. நல்லாத் தொடச்சிக்க” என்று தோளில் போட்டார் பெரியவர். “போன வருசம் வாசிச்ச பாட்ட இன்னொரு வாட்டி வாசி.”

வாசித்தார். ஊரே அடங்கிக் கேட்டது. முடிந்ததும் அந்தத் துண்டை மெதுவாக எடுத்து, மடித்து, கிடார் பெட்டிக்குள் வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்த என் சட்டை நுனியை இழுத்துத் தந்தியைத் துடைத்தார்.

புதுச் சட்டை. துடைத்துக்கொள்ளட்டும் என்று அவர் பக்கம் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன்.