மணியடித்தால் இடம் கிடைக்கும்

சிட்னியின் நியூடவுனில் ஒரு குறுகலான தெரு. சாயங்காலமானால் அங்கே கூட்டம் அலைமோதும். எதற்கு? கார் நிறுத்த இடம் தரும் தேவதையின் அருளைப் பெறத்தான்! வீடு கட்டியவர்கள் அந்தக் காலத்தில் குதிரைக்குக்கூட இடம் விடவில்லை. இப்போதோ ஆளுக்கொரு கார். தேவதை பிறக்காமல் என்ன செய்யும்?

தேவதைக்கு ஏஜெண்ட் மார்லோ. வெறுங்கால், வெள்ளை அங்கி, கையில் வெண்கல மணி, இடுப்பில் கார்டு தேய்க்கும் மெஷின். காசு விழுந்ததும் கண்ணை மூடி மணியடிப்பார். நிற்கிற வண்டிகளில் ஒன்று கிளம்பிப் போகும். காலி இடம்! பக்தர்களுக்கு மெய்சிலிர்க்கும்.

அன்று லாக்லனின் முறை. மனைவி பிரிடிக்கு நிறைமாதம். முந்தைய நாள் ஐந்து தெரு தள்ளித்தான் அவனுக்கு இடம் கிடைத்தது. பாவம், பயந்துபோயிருந்தான்.

"திடீர்னு வலி வந்தா உன்னைத் தூக்கிக்கிட்டா ஓடுவேன்?"

"நீயா? மளிகைப் பையைத் தூக்கவே உனக்கு மூச்சு வாங்குது!" என்றாள் வாசலில் நின்ற பிரிடி. "ஏன் மார்லோ, காசு வாங்காம அடிச்சா தேவதைக்குக் காது கேக்காதா?"

"நம்பாதவங்க அடிச்சா வரமாட்டாம்மா."

மெஷினை எடுப்பதற்காக மார்லோ மணியை மதில்மேல் வைத்தார். பிரிடி அதை எடுத்து அடித்தாள். வெள்ளை வேன் கிளம்பியது!

"அடடே, நான் நம்பவே இல்லையே! எனக்கும் வந்துட்டாளே!"

மறுபடி அடித்தாள். சிவப்புக் கார் கிளம்பியது. இன்னொரு அடி. படகை இழுத்துக்கொண்டு ஒரு வண்டி நகர்ந்தது. அதை ஓட்டியவன் தலையை நீட்டிக் கத்தினான்.

"என்ன மார்லோ இது? ஒரு ஆளுக்கு ஒரு அடின்னுதானே சொன்னே? எல்லாரையும் ஏன் கிளப்புறே?"

தெருவே மார்லோவைத் திரும்பிப் பார்த்தது. பிறகு குபீரென்று சிரித்தது. மார்லோ அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எடுத்தார் ஓட்டம். லாக்லன் வீட்டு வாசலிலேயே காரை நிறுத்தினான். அவனுக்குச் சந்தோஷத்தில் கண்ணே கலங்கிவிட்டது.

பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் விடவில்லை. "அப்போ தேவதையே கிடையாதா?"

"இருந்தாங்களே, மூணு பேர்! காலையிலேருந்து வண்டிக்குள்ள படுத்துக்கிட்டு நம்ம இடத்தை அடைச்சுக்கிட்டிருந்தாங்க" என்றாள் பிரிடி. "இனிமே யாராவது இடம் தர்றேன்னு வந்தா, கண்ணை மூடிக் கும்பிடாதீங்க. அந்த இடத்துல இப்ப யாரு உக்காந்திருக்கான்னு கண்ணைத் திறந்து பாருங்க!"