மத்தியானம் புறப்படும் வீடு

"டேய் நீக்கிலாஸ், உனக்குக் கோட்ஸால கடிதம் வந்திருக்கு. ஆரை அடிச்சுப்போட்டு ஓடித் திரியிறாய்?"

நயாகராவுக்குப் பக்கத்தில் ஒரு முகாம் வெளி. குளியலறைக் கட்டடத்தின் வெளிச்சுவரில் இருந்த பொதுத் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு நின்ற நீக்கிலாஸ் சுற்றும் முற்றும் பார்த்தார். மறுமுனையில் பேசியவர் நவரட்ணம். ஸ்காபரோப் பக்கம் ரூஜில் இருக்கும் நவரட்ணத்தின் வீட்டு முகவரிதான் நீக்கிலாஸின் முகவரி. லைசென்ஸிலும், இலவச வைத்தியத்துக்கான ஹெல்த் காட்டிலும் அதுவே இருந்தது.

அந்த முகவரிக்குக் கடிதம் வருகிறவர்கள் பலர். புதிதாக நாட்டுக்கு வந்தவர்கள், வீடு மாறிக்கொண்டிருப்பவர்கள், பெண்சாதியோடு கோபித்துக்கொண்டு வெளியேறியவர்கள். எல்லோருக்கும் ஆளுக்கொரு சப்பாத்துப் பெட்டி வைத்துக் கடிதங்களைப் பிரித்துப் போடுவதை நவரட்ணம் ஒரு தொண்டாகவே செய்துவந்தார். சில சமயம் பதிலும் அவரே எழுதிவிடுவார்.

"நான் ஒருத்தரையும் அடிக்கேல்லை. உடைச்சுப் பாத்தனியே?"

"உடைக்காமல்? ஜூரியாம். வழக்குக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லுற பன்னிரண்டு பேரில ஒராளாம். வாற திங்கட்கிழமை டவுன்ரவுன் கோட்ஸுக்கு வரட்டாம்."

"என்னை எப்பிடிப் பிடிச்சவங்கள்?"

"கோடைக்குள்ள ஒரு பத்திரம் வந்தது. நிரப்பாட்டித் தண்டமாம். நீயோ எங்கயோ காட்டுக்குள்ள. நான்தான் நிரப்பி அனுப்பினன். சிற்றிசனோ? ஓம். ரிற்றையர்டோ? ஓம். இங்கிலிஷ் விளங்குமோ? ஓம். எல்லாத்துக்கும் ஓம் போட்டு விட்டன்."

"ஏன்ரா எல்லாத்துக்கும் ஓம் போட்டனி?"

"உன்ர பேர் நல்லா இருக்கட்டும் எண்டுதான்."

நீக்கிலாஸ் தொலைபேசியை வைத்துவிட்டுத் தன் வீட்டைப் பார்த்தார். அது ஆறு சில்லுகளின் மேல் மேப்பிள் மரத்தடியில் நின்றது. பாண் சுடும் கொம்பனி ஒன்றுக்கு நெடுங்காலம் லொறி ஓட்டி, ஓய்வு பெற்ற கையோடு பழைய மோட்டர்ஹோம் ஒன்றை வாங்கினார். பார்க்டேலில் வாடகைக்கு இருந்த அபார்ட்மென்ரைக் கைவிட்டார். கட்டில், அடுப்பு, மாதா படம், மனைவி அருள்மலர் எல்லாம் அதற்குள் ஏறின. கோடையில் ஒன்ராரியோ, குளிரில் புளோரிடா. அந்தத் திங்களுக்கு மூன்று நாள் கழித்து, வியாழக்கிழமை எல்லை கடப்பதாக இருந்தது. உறைபனிக்கு முன் கடக்காவிட்டால் வண்டியின் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடித்துவிடும்.

ஊரில் யுத்தகாலத்தில் நீக்கிலாஸ் எத்தனையோ வீடுகளைக் கதவு பூட்டாமல் விட்டுவிட்டு ஓடியவர். இனி ஓடினால் வீடும் கூட ஓடிவரவேண்டும் என்பது அவருடைய எண்ணம். அருள்மலரும் அதே வீடுகளை விட்டுத்தான் ஓடினார். அவருடைய எண்ணம் என்ன என்பது தெரியாது. அவர் அதிகம் பேசுவதில்லை. அவர் பேசாமல் இருந்தால் சந்தோஷமாக இருக்கிறார் என்று நீக்கிலாஸ் நினைத்துக்கொள்வார். அந்தக் கணக்கின்படி உலகத்தில் அருள்மலரைப்போல் சந்தோஷமான பெண் வேறு இல்லை.

"இஞ்சேரும், ஜூரியாம். ரெண்டு மூண்டு மாசம் இழுத்தாலும் இழுப்பாங்களாம்."

அருள்மலர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ஒரு வெங்காயம் முழுதாக உரிந்து முடிந்தது.

"அந்த வீட்டில நான் இல்லை எண்டு போன் பண்ணிச் சொல்லுங்கோவன்."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. நீக்கிலாஸ் திரும்பவும் தொலைபேசிக்கு நடந்தார். நீதிமன்ற அலுவலகத்தில் ஒரு பெண் மிகவும் அன்பாகப் பேசினாள்.

"அந்த முகவரியில் இல்லையென்றால் எங்கே வசிக்கிறீர்கள்?"

"வண்டியில்."

"வண்டி எங்கே நிற்கிறது?"

"இன்றைக்கு நயாகராவில். அடுத்த வியாழக்கிழமை பென்சில்வேனியாவில். அதற்குப் பிறகு காற்று எப்படி அடிக்கிறதோ அப்படி."

"சரி. அப்படியானால் நீங்கள் ஒன்ராரியோவில் வசிப்பவர் இல்லை என்று பதிந்துகொள்ளட்டுமா?"

நீக்கிலாஸின் இடது கண்ணில் புரை. சித்திரை மாதத்தில் சத்திரசிகிச்சைக்கு நாள் கிடைத்திருந்தது. ஒன்ராரியோவில் வசிக்காதவனுக்கு ஹெல்த் காட் இல்லை. காட் இல்லாதவனுக்குக் கண் இல்லை. கண் இல்லாதவனுக்கு லைசென்ஸ் இல்லை.

"இல்லை, இல்லை! வசிக்கிறேன்! நன்றாக வசிக்கிறேன்!"

"மிக்க மகிழ்ச்சி. திங்கட்கிழமை வரும்போது அங்கே வசிப்பதற்கு ஏதாவது ஆதாரம் கொண்டுவாருங்கள்" என்றாள்.

திரும்பி வந்தபோது அருள்மலர் தாளித்துக்கொண்டிருந்தார்.

"முந்தி சும்மா வரச் சொன்னவங்கள். இப்ப ஆதாரத்தோட வரட்டாம்."

கடுகு வெடித்து அடங்கும்வரை அருள்மலர் காத்திருந்தார்.

"கண் தெரியேல்லை எண்டு டொக்டரிட்ட ஒரு துண்டு வாங்குங்கோவன்."

வெள்ளிக்கிழமை ஸ்காபரோவில் டாக்டரின் கதிரையில் நீக்கிலாஸ் இருந்தார். சுவரில் இருந்த எழுத்துப் பலகையில் பெரிய எழுத்தைக்கூடத் தடவித் தடவி வாசித்தார். இரண்டாவது வரியில் நின்று பெருமூச்சு விட்டார்.

"உண்மைதான், இந்தக் கண்ணோடு ஜூரியில் இருக்க முடியாது" என்றார் டாக்டர். "கடிதம் தருகிறேன். ஆனால் இந்தக் கண்ணோடு வாகனமும் ஓட்ட முடியாது. அதையும் நான் போக்குவரத்து அமைச்சுக்கு அறிவிக்க வேண்டும். அது என் கடமை."

நீக்கிலாஸ் எழுந்து வாசல்வரை நடந்தார். அங்கே நின்று கடைசி வரியை வாசித்தார். அதற்குக் கீழே பலகையை அச்சடித்தவர்களின் பெயர் பொடி எழுத்தில் இருந்தது. அதையும் வாசித்தார்.

"அற்புதம்" என்றார் டாக்டர்.

"மாதாவின்ர கிருபை" என்று சொல்லிவிட்டு நீக்கிலாஸ் வெளியேறினார்.

இனி ஒரே வழி, அந்த வீட்டில் வசிக்கிறவராக ஆகிவிடுவதுதான். ஆதாரத்தைக் காட்டினால் ஹெல்த் காட் தப்பும். பிறகு நீதிபதியிடம் நேரில் கெஞ்சி விடுதலை வாங்கவேண்டும். ஆதாரம் உண்மையாக இருப்பது நல்லது என்று அருள்மலர் சொன்னார். மோட்டர்ஹோம் நவரட்ணத்தின் வீட்டு முன்றலில் கார் நிறுத்தும் ட்றைவேயில் ஏறி, நடைபாதைவரை வால் நீட்டி நின்றது.

நவரட்ணம் நிலத்தடிப் பேஸ்மென்ரில் அரிசி மூட்டைகளுக்கும் ஃபிறீசருக்கும் நடுவே கட்டில் போட்டுக் கொடுத்தார். தபால்பெட்டியில் நீக்கிலாஸின் பெயரை ஒட்டி, அதன் பக்கத்தில் அவரை நிறுத்திப் படமும் எடுத்தார்.

"சிரியடா. வசிக்கிறவன் மாதிரி நில்."

"வசிக்கிறவன் எப்பிடியடா நிப்பான்?"

"போற அவசரம் இல்லாத மாதிரி."

மேலே குளியலறைக்குள் போன அருள்மலர் வெகுநேரமாக வெளியே வரவில்லை. தொட்டியில் தண்ணீர் நிரம்பும் சத்தம் கேட்டது. பிறகு எந்தச் சத்தமும் இல்லை. நீக்கிலாஸ் பயந்துபோய்க் கதவைத் தட்டினார்.

"அருள், என்ன செய்யிறீர்?"

"இருக்கிறன்."

அந்தச் சொல் கதவுக்குப் பின்னால் ஆவியோடு கலந்து வந்தது. ஏனோ நீக்கிலாஸுக்கு அது பிடிக்கவில்லை.

சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு சீமோன் வந்தான். நீதிமன்றங்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளனாக வேலை செய்பவன். அவனுக்கும் இந்த வீட்டில் ஒரு சப்பாத்துப் பெட்டி இருந்தது. இடியப்பத்தைப் பிசைந்தபடியே சட்டம் விளக்கினான்.

"பொய் சொல்லாதேங்கோ அண்ணை. உண்மையைச் சொல்லிக் கேட்டால் ஜட்ஜ் விடுவார். கனபேரை விடுறவர். சிலவேளை எல்லாரையும் விட்டு, பன்னிரண்டு பேர் சேராமலும் போறது."

"அப்ப வழக்கு நிக்குமோ?"

"எங்க நிக்கிறது! ஆள் போதாட்டி வெளியில போய் றோட்டில நிக்கிறவையைப் பிடிச்சுக்கொண்டு வரச் சொல்லலாம். சட்டம் இருக்கு."

றோட்டில் நிற்கிறவரைப் பிடிப்பது பற்றி அந்த மேசையிலிருந்த ஒவ்வொருவருக்கும் ஒரு ஞாபகம் இருந்தது. நவரட்ணம் சொதிக் கிண்ணத்தைப் பார்த்தார். நீக்கிலாஸ் கைவிரல்களைப் பார்த்தார்.

"பொம்பிளையளையும் பிடிப்பினமோ?" என்று அருள்மலர் மெதுவாகக் கேட்டார்.

"ஓம் அக்கா. சிற்றிசனா இருந்து, இங்கிலிஷ் விளங்கினால் சரி."

அருள்மலர் யாழ்ப்பாணத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்தவர். அவர் பயந்துவிட்டார் என்று நீக்கிலாஸ் நினைத்தார்.

"நீர் யோசிக்காதையும். நான் உள்ளுக்குப் போனால் நீர் கதவைப் பூட்டிக்கொண்டு வண்டிக்குள்ளயே இரும்."

"ம்" என்றார் அருள்மலர்.

ஞாயிறு இரவு பனி உறைந்தது. வீட்டைக் காவல் காப்பதற்காக மோட்டர்ஹோமிலேயே படுத்திருந்த நீக்கிலாஸ், விடியும்போது கட்டிலுக்கடியில் தண்ணீர் சலசலப்பதைக் கேட்டார். ஒரு குழாய் வெடித்திருந்தது. அவர் சேலைத் துண்டொன்றைச் சுற்றிக் கட்டினார். இன்னொரு இரவு இங்கே நின்றால் மற்றவையும் போகும். மத்தியானத்துக்குள் விடுதலை வாங்கவேண்டும். வாங்கிய கையோடு நேரே எல்லை.

அதனால் வீட்டையும் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். நீதிமன்றத்துப் பின்தெருவில் இரண்டு வாகனத்துக்கான இடத்தை அடைத்துக்கொண்டு, இரண்டு பார்க்கிங் மீற்றருக்கும் காசு போட்டு நீக்கிலாஸ் அதை நிறுத்தினார். அருள்மலர் கல்யாண வீடுகளுக்குக் கட்டும் நீலச் சேலை கட்டியிருந்தார். மேலே குளிர்கோட். மடியில் கைப்பை.

"வண்டிக்குள்ள இருக்க ஏன் இந்தச் சேலை?"

"கோட்ஸ்தானே" என்றார் அருள்மலர். "ஒரு மரியாதை."

உள்ளே பெரிய மண்டபம். ஒவ்வொருவராக எழுந்து காரணம் சொன்னார்கள். ஒருவருக்குப் பல்வலி. ஒரு பெண்ணுக்குக் கைக்குழந்தை. இன்னொருவர் தனக்கு எல்லோரையும் பார்த்தால் குற்றவாளியாகத் தெரிகிறது என்றார். நீதிபதி ஒவ்வொருவராக விட்டுக்கொண்டிருந்தார். மண்டபம் காலியாகக் காலியாக நீக்கிலாஸ் மிச்சப் பேரை எண்ணினார். கடைசிக்குக் கிட்டவாக அவர் பெயர் வந்தது. பக்கத்து நீதிமன்றத்தில் தன் வழக்குக்காகக் காத்திருந்த சீமோன் கதவோரம் வந்து நின்று, கையால் தைரியம் காட்டினான்.

நீக்கிலாஸ் தபால்பெட்டிப் படத்தைக் கொடுத்தார். நீதிபதி அதைப் பார்த்தார்.

"இது உங்கள் முகவரிதானா?"

"ஆமாம், ஐயா. நான் ஒன்ராரியோவாசி."

"நல்லது. பிறகு என்ன பிரச்சினை?"

பாடமாக்கி வந்த ஆங்கிலம் முழுவதும் அந்த நேரம் பார்த்து அவரைக் கைவிட்டது.

"ஐயா, என் வீடு மத்தியானம் புறப்படுகிறது."

"நீங்கள் இல்லாமலா?"

மண்டபம் சிரித்தது. நீக்கிலாஸ் எல்லாவற்றையும் சொன்னார். வண்டியை, குழாயை, சேலைத் துண்டை, தெற்குப் பக்கம் போகவேண்டியதை. வேர்த்து வேர்த்துச் சொன்னார். நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"உங்கள் மனைவியும் உங்களோடு வருகிறாரா?"

"ஆமாம், ஐயா. வண்டிக்குள் இருக்கிறார்."

"அவருக்கும் இந்த வாழ்க்கை விருப்பமா?"

நீக்கிலாஸ் யோசித்தார். இப்படி ஒரு கேள்வி இருக்கிறதென்று அவருக்கு இதுவரை தோன்றியதில்லை.

"அவர் ஒன்றும் சொன்னதில்லை, ஐயா."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, "சரி, போங்கள். வீட்டைத் தவறவிடாதீர்கள்" என்றார்.

எல்லாம் தப்பியது. ஹெல்த் காட் இருந்தது, கண் இருந்தது, லைசென்ஸ் இருந்தது, புளோரிடா இருந்தது. நீக்கிலாஸ் நீதிமன்றக் கழிப்பறையில் முகம் கழுவினார். கீழ்த்தளத்துக் கடையில் கோப்பி வாங்கி ஆறுதலாகக் குடித்தார். நவரட்ணத்துக்குத் தொலைபேசி எடுத்து வெற்றியை விபரமாகச் சொன்னார். வாழ்க்கையில் அவசரமில்லாமல் நடந்த சில நடைகளில் ஒன்றாகப் பின்தெருவுக்கு நடந்துபோனார்.

வீடு நின்ற இடத்திலேயே நின்றது. கதவு பூட்டியிருந்தது. திறந்து உள்ளே ஏறினார்.

"அருள்! விட்டுட்டாங்கள்! வெளிக்கிடுவம்!"

மேசையில் தேத்தண்ணிப் போத்தல். பக்கத்தில் அவருடைய மாத்திரைகள். புளிச்சாதப் பார்சல் ஒன்று. ஒன்றுதான். அருள்மலரின் கோட் இல்லை. கைப்பை இல்லை. ஆணியில் தொங்கும் குளிக்கிற துவாயும் இல்லை.

நீக்கிலாஸ் தெருவில் இறங்கி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓடினார். நீதிமன்றத்தின் பின்கதவால் சீமோன் மூச்சு வாங்க ஓடிவந்தான்.

"அண்ணை, நிண்டது நல்லதாப் போச்சு. அக்காவைத் தேடாதேங்கோ. அவ உள்ளுக்கு இருக்கிறா."

"உள்ளுக்கோ? ஏன், என்ன நடந்தது?"

"உங்களை விட்ட உடன ஆள் ஒண்டு குறைஞ்சு போச்சு. றோட்டில போய்ப் பிடிச்சுக்கொண்டு வரச் சொல்லி ஜட்ஜ் ஆளனுப்பினவர். கண்டவன் நிண்டவன் எல்லாம் ஓடிட்டாங்கள். அக்கா மட்டும் வாசல்ல நிண்டு, 'ஏன் இவ்வளவு சுணக்கம்' எண்டு கேட்டவவாம். அவதான் பன்னிரண்டாவது ஆள். சத்தியம் எடுத்தாச்சு. வழக்கு மாசி முடிய மட்டும் போகுமாம்."

நீக்கிலாஸ் மோட்டர்ஹோமின் படியில் இருந்தார். உள்ளே எங்கேயோ ஒரு குழாய் சொட்டியது.

"ஜட்ஜ் ஒண்டும் கேக்கேல்லையோ? நாங்கள் வெளிக்கிடுற ஆக்கள் எண்டு அவ சொல்லேல்லையோ?"

சீமோன் நீதிமன்றக் கதவைத் திரும்பிப் பார்த்தான்.

"ஒன்ராரியோவை விட்டுப் போற விருப்பம் ஏதும் இருக்கோ எண்டு ஜட்ஜ் கேட்டவர் அண்ணை. 'நன்றி ஐயா, இதை என்னட்டக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான்' எண்டு சொன்னா."