டாக்டர் அபெலார்டோவின் ஒரே குடும்பம்

திட்டுகிற முதலாளிகளை நமக்கெல்லாம் தெரியும். கட்டிப்பிடிக்கிற முதலாளி என்றொரு இனம் இருக்கிறது, வாசகரே. ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது அதனிடம்தான். எடில்சன் அதை முதன்முதலில் சந்தித்தது மனிசாலெஸ் நகரில், காப்பிப் பொட்டலங்களுக்கு லேபிள் அச்சடிக்கும் பதினோரு பேர் கம்பெனிக்கு வேலை கேட்டுப் போன அன்று. சான்றிதழ்களை நீட்டினான். முதலாளி அபெலார்டோ அவற்றைத் திறக்கவேயில்லை. அவனை மார்போடு அணைத்து, "இதெல்லாம் எதுக்கு மகனே? இங்க நாம ஒரே குடும்பம்" என்றார். மலைக்கிராமத்துப் பையன், உருகிப்போனான்.

குடும்பத்தின் லட்சணம் ஒரு வாரத்தில் தெரிந்தது. குடும்பத்தில் யாராவது ஆறு மணியானதும் பையைத் தூக்குவார்களா? நீங்கள் நல்ல யோசனை சொன்னால் அடுத்த கூட்டத்தில் அது அவருடைய யோசனையாக வெளிவரும். லேபிளில் சிவப்பு கொஞ்சம் வெளுத்துவிட்டாலோ, எல்லோர் முன்னாலும் உங்களை நிறுத்தி, தோளில் கைபோட்டு, "பாசத்துலதான் சொல்றேன், உனக்கு மூளையே கிடையாது" என்று சொல்லி, நீங்கள் கலங்கியதும் தானும் கலங்கி, தன் கைக்குட்டையையே எடுத்துக் கொடுப்பார். வாங்கித்தான் ஆக வேண்டும்.

காலையில் அவர் படியேறுகிற விதத்தைப் பார்த்தே வரவேற்பறை யோர்லெனி வானிலை அறிக்கை வாசித்துவிடுவாள்: "இன்னிக்கு பாசம் ஜாஸ்தி. ஓடி ஒளிஞ்சுக்கங்க."

எல்லோரும் அவரை 'டாக்டர்' என்றே அழைத்தார்கள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்தான். அதனாலென்ன? அந்த ஊரில் நாற்காலி பெரிதானால் பட்டம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். எடில்சனுக்கு அப்படி ஒட்டவில்லை. வேலை பார்த்துக்கொண்டே ஏழு வருடம் படித்து, குடும்பத்திலேயே முதல் ஆளாகப் பட்டம் வாங்கப்போகிறவன் அவன். டிசம்பர் பதினெட்டு, மாலை ஐந்தரைக்கு விழா. அம்மா விடியற்காலையிலேயே பஸ் ஏறிவிட்டாள்.

ஒரு மாதம் முன்பே அனுமதி கேட்டிருந்தான். "பாக்கலாம் மகனே" என்றிருந்தார் டாக்டர். விழாவன்று மதியம்தான் பார்த்தார்.

"இன்னிக்கேவா? நாலு மணிக்கு நவநாள் இருக்கே! குழந்தை இயேசுவ விட உன் தொப்பி பெருசா?"

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒன்பது நாளும் குடிலுக்கு முன்னால் கூடிச் செபித்து, பொரித்த புன்யுவேலோ உருண்டையை ஆளுக்கு இரண்டு தின்றுவிட்டுக் கலைவது எல்லா ஆபீஸிலும் உண்டு. அரை மணி நேர வேலை. டாக்டரிடம் இரண்டு மணி நேரம். ஒவ்வொரு செபத்துக்கும் நடுவே நன்றிகெட்ட ஊழியர்களைப் பற்றி ஒரு பிரசங்கம் நுழைத்துவிடுவார். முன்வரிசை நாற்காலியில் அவருடைய அம்மா, எண்பத்திரண்டு வயது டோன்யா ஒபேலியா. உலகத்தில் டாக்டர் பயப்படுகிற ஒரே ஜீவன்.

நாலே முக்காலுக்கு எடில்சனின் செல்போன் அதிர்ந்தது. அம்மா: "விழா மண்டப வாசல்ல நிக்கிறேன்பா. எல்லாரும் அங்கி மாட்டிக்கிட்டாங்க. நீ எங்கடா?"

ஆளுக்கொரு மன்றாட்டு சொல்லி வந்ததில், சரியாக அப்போதுதான் அவன் முறை வந்தது. எழுந்தான்.

"குழந்தை இயேசுவே, எங்கள் டாக்டருக்காக மன்றாடுகிறோம். என்னைத் தாம் பெற்ற பிள்ளைபோல் எண்ணி, என் பட்டமளிப்பு விழாவுக்கு இதோ இப்போதே அனுப்பிவைக்கும் அவருடைய பெரிய மனதை ஆசீர்வதியும்."

"ஆமென்!" என்றது குடும்பம். யோர்லெனியின் ஆமென் கூரையில் முட்டியது.

டாக்டர் செபப் புத்தகத்தைப் புரட்டினார். மன்றாட்டுக்கு மறுப்பு சொல்ல எந்தப் புத்தகத்தில் இடமிருக்கிறது?

டோன்யா ஒபேலியா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "அபெலார்டோ, நீயாடா இது? உங்கப்பா மனசு உனக்கு வரவே இல்லைன்னு இத்தனை வருஷமா புலம்புனேனே! வாயத் திறந்து ஆமென் சொல்லு."

"ஆமென்" என்றார் டாக்டர், பல்லுக்கிடையில்.

கிழவி எடில்சன் பக்கம் திரும்பினாள். "நீ ஏம்ப்பா இன்னும் மரம் மாதிரி நிக்கிற? உங்கம்மா காத்துக்கிட்டு இருப்பா. ஓடு!"

ஓடினான். பெயரை வாசித்தபோது மேடைப் படியில் மூச்சிரைக்க நின்றான். அம்மா கைதட்டியதில் முன்வரிசைப் பேராசிரியர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுநாள் வரவேற்பறையில் தொப்பியும் அங்கியுமாக எடில்சனின் படம் தொங்கியது. வருகிறவர்களிடமெல்லாம் டாக்டர் சொன்னார்: "நான் படிக்க வெச்ச பையன்."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்களிடம் கடைசியாக லீவு கேட்டவர், கேட்பதற்கு முன் எத்தனை தடவை கதவுவரை வந்து திரும்பிப் போனார் என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

எடில்சன் இப்போது பெரேரா நகரில் வேறொரு அச்சகத்தில் இருக்கிறான். அவனுக்குக் கீழே நாலு பேர். அபெலார்டோ அங்கேயேதான் இருக்கிறார். பதினோரு பேரில் ஏழு பேர் புதியவர்கள்.