படகுக்காரன் விருந்தும் ராஃபத்தின் முன்னேற்றமும்

உலகத்தில் திருந்தாத ஜென்மங்கள் ஏராளம். ஓயாமல் திருந்திக்கொண்டே இருக்கிற ஜென்மமும் ஒன்று உண்டு. அதைத்தான் இன்று உங்கள் முன் நிறுத்துகிறேன். தன்முன்னேற்றப் பிராணி என்று பெயர். தலைமாட்டில் புத்தகம், காதில் பேச்சாளர், குளியலறைக் கண்ணாடியில் 'நான் வெற்றியாளன்' என்ற சீட்டு, சீட்டின்மேல் பற்பசைத் தெறிப்பு, வெள்ளிதோறும் வகுப்பு, சனிக்கிழமை காலையில் பழைய ஆளே. கெய்ரோவில் ஷுப்ரா பக்கம் கல்லெறிந்தால் இதில் ஒன்றின்மேல்தான் விழும். பெரும்பாலும் ராஃபத் மேல்.

அந்த வாரம் அவனுக்குச் சொன்ன பாடம்: 'உலகம் கொடுப்பதை மறுக்காதே, நீ அதற்குத் தகுதியானவன்.' நல்ல பாடம்தான். கெய்ரோவில் அது செல்லுமா?

அவனுடைய வருங்கால மாமனார் பயூமி ஹாஜியார், தம் திரைத்துணிக் கடையில் மதியச் சாப்பாட்டைப் பிரிக்கும்போது வாசலில் யார் நின்றாலும் "வாப்பா, சாப்பிடு" என்பார். வந்தவர் நெஞ்சில் கைவைத்து "இப்பதான் ஆச்சு" என்பார். அவர் வற்புறுத்த, இவர் மறுக்க, கடைசியில் வந்தவருக்கு மரியாதை மிஞ்சும், ஹாஜியாருக்குச் சாப்பாடு மிஞ்சும். ஊரறிந்த முறை. ராஃபத் என்ன செய்தான்? "ஏத்துக்கிறேன் மாமா" என்று உட்கார்ந்துவிட்டான். மறுநாளும் வந்தான். வாரம் முழுக்க வந்தான். ஒருநாள் இருந்த ஒரே வாத்துக்காலையும் தகுதியோடு எடுத்துக் கடித்தான்.

கல்யாணத் தேதி குறிக்க இருந்த நேரம். ஹாஜியாரின் மகள் சுஹைர் அவனைப் போனில் பிடித்தாள்.

"உனக்குக் கொஞ்சமாவது வெக்கம் இருக்காய்யா? அது படகுக்காரன் விருந்து! நடு நைல்ல இருந்துகிட்டு, கரையில நிக்கிறவனைப் பார்த்து 'வா சாப்பிடலாம்'பான். நீ நீந்தியே போயிட்டியே! இவனுக்குப் பொண்ணு கிடையாதுங்கிறார் அப்பா."

"சுஹைர், எதிர்மறையாப் பேசாத."

"இனி பேசவே போறதில்ல." வைத்துவிட்டாள்.

சுஹைர் இல்லாமல் முன்னேறி எங்கே போவது? ராஃபத் கடைக்கு ஓடினான். ஹாஜியார் பயறும் ரொட்டியுமாக உட்கார்ந்திருந்தார். இவனைப் பார்த்தார். ரொட்டியைப் பிய்த்தார். தின்றார். தெருவில் போன தபால்காரரைக் கூப்பிட்டார், பூனைக்குக்கூட ஒரு துண்டு போட்டார், இவனைக் கூப்பிடவில்லை.

ராஃபத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

"மாமா, ஒரே ஒரு தடவை கூப்பிடுங்க மாமா. சத்தியமா வரமாட்டேன்!"

ஹாஜியார் வெகுநேரம் மென்றார். "சரி, வா. சாப்பிடு."

"ஐயோ, வேண்டாம் மாமா! இப்பதான் வயிறு முட்டச் சாப்பிட்டேன்."

காலையிலிருந்து பட்டினி. வயிறு உறுமியது தபால்காரருக்கே கேட்டது.

"உக்காருங்கிறேன்!"

"முடியாது மாமா!"

அவர் சட்டையைப் பிடித்து இழுக்க, இவன் கதவைக் கட்டிக்கொள்ள, அடுக்கி வைத்திருந்த துணி உருளைகளெல்லாம் சரிந்து விழுந்தன.

"நாசமாப் போறவனே, இப்பதான்டா மனுஷனா நடந்துக்கிறே!" என்று மூச்சு வாங்கினார் ஹாஜியார். "வியாழக்கிழமை உங்கம்மாவைக் கூட்டிக்கிட்டு வா. தேதி பார்ப்போம்."

அத்தோடு விட்டானா? கல்யாணமான மறுமாதமே ராஃபத் சொந்தமாக வகுப்பு தொடங்கிவிட்டான்: 'மறுத்து வெல்வது எப்படி?' சொல்ல வெட்கமாக இருக்கிறது, முதல் வரிசையில் அடியேன். சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் சிரித்துக்கொண்டே, 'இதில் நமக்கு ஏதாவது பாடம் இருக்குமோ?' என்று மனசுக்குள் துழாவினீர்களே, அதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கூச்சப்படாதீர்கள். என் பக்கத்து நாற்காலி காலிதான்.