அறுநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்து லாடக்காரி

மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய மைத்துனருக்கு,

இங்கு நானும் உங்கள் அக்காவும் உங்கள் நாவலின் ஆறு பாகங்களும் நலம். அங்கு நீங்களும் ஏழாம் பாகமும் நலம்தானா என்று அறிய ஆவல். வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் நூலகத்து வாசகர் கூட்டத்துக்கு நீங்கள் வருகிறீர்கள் என்ற செய்தி கிடைத்ததிலிருந்து எல்லோரும் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள். நான் மட்டும் சரியாகச் சாப்பிட்டு நாலு நாளாகிறது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன், முதலில் நல்ல செய்திகள்.

வாசகர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். நன்றாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் நிறையச் சொல்கிறார்கள். பூகோள வாத்தியார், இரண்டாம் பாகத்தில் கிழக்கே ஓடிய ஆறு நான்காம் பாகத்தில் மேற்கே ஓடுகிறது என்று படம் வரைந்து நூலகச் சுவரில் ஒட்டிவிட்டார். மாயக் கதையில் ஆறு எந்தப் பக்கம் ஓடினால் என்ன சார் என்று உங்களுக்காகப் பரிந்து பேசினேன். மந்திரம் போட்டுத் திருப்பியிருந்தால் அந்த மந்திரத்தை எழுதியிருக்க வேண்டும் என்கிறார். பல் வைத்தியர், மூன்றாம் பாகத்துச் சிறையில் எல்லாப் பல்லையும் பறிகொடுத்த கிழ அரசர் ஐந்தாம் பாகத்தில் ஆப்பிளை நறுக்கென்று கடிக்கிறாரே, பல் கட்டியது யார் என்று கேட்கிறார். தொழில் போட்டி போலிருக்கிறது. எதிர்வீட்டுத் தையல்காரம்மாவோ, அரசி பதினோரு மாதம் ஒரே உடையில் காட்டில் அலைந்தும் ஒரு தையல்கூடப் பிரியவில்லை, ஆம்பளை எழுதினா இப்படித்தான் என்று முடித்துவிட்டார். இளவரசனின் பறக்கும் குதிரைக்கு லாடம் அடிக்கிறாளே ஒரு பெண், அந்த லாடக்காரி, அவளைப் பற்றி மட்டும் யாருக்கும் குறையே இல்லை. பறக்கிற குதிரைக்கு லாடம் எதற்கு என்று ஏழு பேர் கேட்டார்கள், ஆனால் ஆசிரியர் அவளை ஏன் கொன்றார் என்று பதினாறு பேர் கேட்டார்கள். எனக்குச் சோறு இறங்காததற்குக் காரணம் அந்தப் பதினாறு பேர்தான்.

உங்கள் அக்காவுக்கு இரண்டு கண்ணிலும் அறுவை சிகிச்சை நடந்ததும், எழுத்துப் பக்கமே போகக் கூடாது என்று வைத்தியர் சொன்னதும் உங்களுக்குத் தெரியும். புத்தகத்தைப் பிடுங்கினால் சோற்றைப் பிடுங்கின மாதிரி அவளுக்கு. நான்காம் பாகத்தின் நடுவில் நின்றுபோயிருந்தாள். சரி, தினமும் நாலு மணிக்கு நான் படித்துக் காட்டுகிறேன் என்றேன். முப்பத்திரண்டு வருடம் ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்தவனுக்கு இது ஒரு வேலையா என்று நினைத்துவிட்டேன். முதல் நாள் காதல் காட்சி வந்தது. படித்து முடித்ததும், எந்த நடைமேடையில என்று கேட்டாள். போர்க்களத்தை மட்டும் நன்றாகப் படித்தேன் என்று அவளே ஒப்புக்கொண்டாள், கூட்ட நெரிசல் எனக்குப் பழக்கம்.

இப்படி ஒரு மாதம் ஓடி அறுநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்கு வந்தோம். அன்று காலைதான் வைத்தியர், இடது கண் தேறுவது சந்தேகம், வலது கண்ணையும் பொறுத்துத்தான் சொல்ல முடியும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். உங்கள் அக்கா அழவில்லை. வீட்டுக்கு வந்தாள், ஜன்னல் ஓரத்து நாற்காலியில் கட்டுப் போட்ட கண்ணோடு உட்கார்ந்தாள். "படிங்க. அந்த லாடக்காரி என்ன ஆனான்னு பாப்போம். அவளாவது நல்லா இருக்கட்டும்" என்றாள். நான் பக்கத்தைத் திருப்புகிறேன், பாலம் இடிகிறது, நீங்கள் புண்ணியவான், அவளைக் கொண்டுபோய் ஆற்றில் போட்டிருக்கிறீர்கள். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ரயில் வராது என்று மேலிடத்து உத்தரவு எழுத்தில் வருகிறவரை வராது என்று சொல்லக் கூடாது, தாமதமாக வருகிறது என்றுதான் சொல்ல வேண்டும். பெட்டி படுக்கையோடு காத்திருப்பவர்கள் வாயைப் பார்ப்பார்கள் இல்லையா. என் வாயும் அப்படியே பழகிவிட்டது. பாலம் இடிந்தது, லாடக்காரி சற்றுத் தாமதமாக வந்துகொண்டிருக்கிறாள் என்று படித்துவிட்டேன். அப்பாடா என்று அவள் நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அடுத்த நாற்பது பக்கம் இளவரசன் அழுகிறான். யாருக்காக அழுகிறான் என்று சொல்லியாக வேண்டாமா, குதிரை செத்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். ஐந்தாம் பாகம் முதல் அத்தியாயத்திலேயே அந்தக் குதிரை வானத்திலிருந்து இறங்குகிறது. இது அதனுடைய தம்பி என்று சமாளித்தேன். தம்பிக்கு எப்படி மந்திரிமாரையெல்லாம் அடையாளம் தெரிகிறது என்று உங்கள் அக்கா கேட்டாள், அண்ணன் சொல்லியிருக்கும் என்றேன். ஒரு பொய்க்குக் காவலாக ஒன்பது பொய். கடைசியில் லாடக்காரியை எத்தனை நாள்தான் வழியிலேயே வைத்திருப்பது, அரண்மனைக்குக் கூட்டி வந்துவிட்டேன். உங்கள் அக்கா காலையில் குளிக்கப் போகிற நேரத்தில் பழைய ரயில் கால அட்டவணைத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதி, புத்தகத்துக்குள் செருகி வைத்து, நாலு மணிக்குப் படிக்கிறேன். இப்போது ஆறாம் பாகத்தில் பாதி வந்திருக்கிறோம், இருநூற்றுப் பதினான்கு தாள் ஆகிவிட்டது. நீங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது மச்சான், உங்கள் முடிசூட்டு விழாவில் பதினெட்டுப் பக்கத்தை எடுத்துவிட்டு லாடக்காரி சமையலறைக் கதவுக் கீலைச் சரிசெய்கிற காட்சியை வைத்தேன். சொட்டச் சொட்ட நனைந்து வந்தவள், யாரும் சொல்லாமலே சுத்தியலை எடுத்துக்கொண்டு, வீட்டுக்குள்ள ஒரு கதவு இப்படிக் கத்துது, நீங்க உலகத்த ஆளப் போறீங்களா என்று கிழ அரசரைப் பிடித்து ஒரு வாங்கு வாங்குகிறாள். உங்கள் அக்கா சிரித்தாள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். சிரித்துவிட்டு, என் தம்பி இப்பதாங்க எழுதவே கத்துக்கிட்டான் என்றாள். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பெருமையை வெளியே சொல்ல முடியாத பாவி நான் ஒருவன்தான் இருப்பேன். நீங்களே எழுதிய இடம் வந்தால், இதக் கொஞ்சம் வேகமாப் படிங்க என்கிறாள். அதையும் நான் சொல்லக் கூடாதுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் உங்கள் அக்கா பேசப்போகிறாள். நூலகப் பெண்மணியிடம் பத்து நிமிடம் கேட்டு வாங்கியிருக்கிறாள். என்ன பேசப்போகிறாய் என்றேன், லாடக்காரியப் பத்தித்தான், வேற என்ன இருக்கு அதுல என்றாள். அந்தப் பதினாறு பேரும் முன்வரிசையில் இருப்பார்கள். இவள் எழுந்து கதவுக் கீலைப் பற்றிச் சொல்ல, அவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்க, யாராவது ஒருவர் கிளுக்கென்று சிரிக்க, இவள் பார்வை தெரியாமல் எந்தப் பக்கம் திரும்புவது என்று நிற்கிற நிற்பை நினைத்தால் எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்துவிட்டு எழுந்துவிடுகிறேன். அவளிடம் நான் இதுவரை பொய் சொன்னதில்லை மச்சான். சொன்ன ஒரே பொய் இருநூறு பக்கத்துக்கு வளர்ந்துவிட்டது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று மூன்று நாள் நாலு மணிக்கு வாயைத் திறந்தேன். மூன்று நாளும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு லாடக்காரிக்கு இன்னொரு பக்கம் சேர்த்துப் படித்துவிட்டு எழுந்து வந்தேன். எனவே உங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். அவள் என்ன சொன்னாலும் மேடையில் உட்கார்ந்து தலையை ஆட்டுங்கள். அடுத்த பதிப்பில் அப்படித்தான் மாற்றி எழுதப்போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஏழாம் பாகத்தில் எப்படியாவது லாடக்காரியைக் காப்பாற்றிவிடுங்கள். பாலத்துக்கு அடியில் ஒரு வேர், ஒரு கயிறு, எதையாவது பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கட்டும். ஆற்றையே திருப்பியவருக்கு இது என்ன பெரிய காரியம்.

மற்றபடி இங்கு குறையொன்றுமில்லை. வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும் பிள்ளைகளுக்கு என் ஆசிகளையும் தெரிவியுங்கள். ஏழாம் பாகம் சுகப்பிரசவமாகட்டும், கொஞ்சம் குறைந்த எடையோடு.

இப்படிக்கு,
உங்கள் கருணையை எதிர்பார்த்து நிற்கும்
அத்தான்

பின்குறிப்பு: தம்பி, இது அக்கா எழுதுவது. கடிதத்தை உறையில் போட்டு ஒட்டும் வேலையை என்னிடம் கொடுத்துவிட்டு உன் அத்தான் தபால்தலை வாங்கப் போயிருக்கிறார். நான் படிக்க மாட்டேன் என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. இடது கண் போனது போனதுதான். வலது கண்ணுக்குக் கண்ணாடி வந்து மூன்று மாதமாகிறது, தையல்காரம்மா வீட்டில் ஒளித்து வைத்திருக்கிறேன். போட்ட முதல் நாளே அறுநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத்தான் பார்த்தேன். பிறகு அவர் கடைக்குப் போகிறபோதெல்லாம் அந்தத் தாள்களை எடுத்துப் படிக்கிறேன். அவருடைய கையெழுத்தில் அத்தனை தாளைப் பார்த்து அழுதேன், லாடக்காரிக்காக இல்லை. ஞாயிற்றுக்கிழமை நான் கதவுக் கீலைப் பற்றி வாயே திறக்க மாட்டேன், அந்தப் பத்து நிமிடமும் உன் ஆற்றைப் பற்றித்தான் பேசுவேன். நீ தலையாட்டிப் பழக வேண்டாம். நான் எழுதியதை அவரிடம் மூச்சு விடாதே. இன்னொன்று. லாடக்காரி ஆற்றிலேயே கிடக்கட்டும், உனக்குப் புண்ணியமாகப் போகும். நீ காப்பாற்றிவிட்டால் உன் அத்தான் புத்தகத்தில் இருப்பதை இருக்கிறபடியே படிக்க ஆரம்பித்துவிடுவார்.